சிறிய தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கடன்–ஈக்விட்டி விகிதத்தைப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கம்பெனியின் கடனை அதன் ஈக்விட்டியால் வகுத்தால் வருவது கடன்–ஈக்விட்டி விகிதம். ஈக்விட்டி அல்லது நெட்வொர்த் என்பது சொத்துகளிலிருந்து எல்லாக் கடமைகளையும் கழித்தபின் பங்குதாரர்களுக்கு மிஞ்சுவது. பங்குகளை வடிகட்டிக் காட்டும் ஸ்க்ரீனர் தளத்தில் "கடன்–ஈக்விட்டி விகிதம் 0.5-க்குக் கீழ்" என்று ஒரு வடிகட்டியைப் போட்டால், கடனே இல்லாத கம்பெனிகளோடு நெட்வொர்த் முழுவதையும் இழந்துவிட்ட கம்பெனிகளும் சேர்ந்து வரக்கூடும். 1,000 கோடி ரூபாய் கடனும் மைனஸ் 800 கோடி ஈக்விட்டியும் இருந்தால் விகிதம் மைனஸ் 1.25. கணினியைப் பொறுத்தவரை அது 0.5-ஐ விடச் சிறிய எண், அவ்வளவுதான். சில தளங்கள் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிடும். எப்படியானாலும், வேகமாகப் பட்டியலை ஓட்டிப் பார்ப்பவர் கடன் பிரச்சினை இல்லை என்று நினைத்துக் கடந்துபோய்விடுவார்.

தொலைத்தொடர்புத் துறையில் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. இரண்டு ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் கிடைத்த டெலிகாம் பங்குகளைச் சிறு முதலீட்டாளர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கி வைத்திருக்கிறார்கள். அவர்களில் பலர் பேலன்ஸ் ஷீட்டைத் திறந்தே பார்த்ததில்லை. திறந்து பார்க்க ஒரு மணி நேரம் போதும். எங்கே பார்ப்பது, எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கடன்–ஈக்விட்டி விகிதம் என்றதும் எல்லோரும் மேலே இருக்கும் கடனைத்தான் பார்க்கிறார்கள். சிறிய டெலிகாம் கம்பெனியில் கீழே இருக்கும் ஈக்விட்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்தத் துறையில் கம்பெனிகள் பெரும்பாலும் திடீரென்று கடன் வாங்கிக் கெடுவதில்லை. ஆண்டுதோறும் வரும் நஷ்டம் ஈக்விட்டியைக் கரைக்கிறது. பழைய கடன் அப்படியே நிற்கிறது.

படி 1: சரியான ஆவணத்தை எடுங்கள்

பிஎஸ்இ அல்லது என்எஸ்இ தளத்தில் கம்பெனியின் பெயரைத் தேடி, கடைசி மூன்று ஆண்டறிக்கைகளைப் பதிவிறக்குங்கள். ஓராண்டு மட்டும் போதாது. இந்த விகிதம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் முக்கியம். துணை நிறுவனங்கள் இருந்தால் ஒருங்கிணைந்த கணக்கைப் பாருங்கள். தாய்க் கம்பெனி கடனில்லாமல் பளபளப்பாக இருக்க, ஃபைபர் பதிக்கும் துணை நிறுவனத்தின் பெயரில் முழுக் கடனும் இருக்கலாம்.

2021 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் செய்த திருத்தத்தின்படி, கம்பெனிகள் தங்கள் முக்கிய விகிதங்களை நிதிநிலை அறிக்கையின் குறிப்புகளில் தாங்களே கொடுக்க வேண்டும். கடன்–ஈக்விட்டி விகிதமும் அதில் உண்டு. முந்தைய ஆண்டைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் காரணத்தையும் எழுத வேண்டும். பலரும் படிக்காத பகுதி இது. அந்த ஒரு வரிக் காரணத்தைத் தேடிப் படியுங்கள். "நஷ்டத்தால் ஈக்விட்டி குறைந்தது" என்று எழுதியிருந்தால் அது ஒரு கதை. "நெட்வொர்க் விரிவாக்கத்துக்குக் கடன் வாங்கினோம்" என்று எழுதியிருந்தால் அது முற்றிலும் வேறு கதை.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். கம்பெனியின் பங்கு பங்குச்சந்தையின் முதன்மைச் சந்தையில் (மெயின்போர்டு) இருக்கிறதா, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான எஸ்எம்இ தளத்தில் இருக்கிறதா? எஸ்எம்இ தளத்தில் உள்ள கம்பெனிகள் இந்த் ஏஎஸ் எனப்படும் புதிய கணக்கியல் தரங்களைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. பழைய தரத்தில் கோபுர வாடகைக் கடமைகள் பேலன்ஸ் ஷீட்டுக்குள் வராது. ஆகவே எஸ்எம்இ கம்பெனி ஒன்றின் விகிதத்தையும் முதன்மைச் சந்தைக் கம்பெனியின் விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவீர்கள்.

படி 2: கடனைக் கூட்டுங்கள், குறுகியகாலக் கடனை விட்டுவிடாமல்

இனி எல்லாவற்றையும் ஒரே எடுத்துக்காட்டில் வைத்துப் பார்ப்போம். மூன்று நான்கு மாவட்டங்களில் ஃபைபர் இணைப்பு கொடுக்கும் ஒரு பிராட்பேண்ட் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் என் கற்பனை. எல்லாம் கோடி ரூபாயில்.

பங்கு மூலதனம் 40, இதர ஈக்விட்டி 80. மொத்த ஈக்விட்டி 120. நீண்டகாலக் கடன் 110. குறுகியகாலக் கடன் 50.

அவசரத்தில் பார்ப்பவர் நீண்டகாலக் கடனை மட்டும் எடுத்து 110-ஐ 120-ஆல் வகுத்து 0.92 என்று சொல்வார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குறுகியகாலக் கடன் என்ற தலைப்பின் கீழ் வங்கி ஓவர்டிராஃப்ட் மட்டும் இருப்பதில்லை. நீண்டகாலக் கடனில் அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்குள் கட்ட வேண்டிய தவணையும் அங்கேதான் இருக்கும். நம் கம்பெனியில் அந்த 50-ல் 25 அப்படிப்பட்ட தவணை. உண்மையில் கழுத்தை நெரிக்கும் கடன் அதுதான். இரண்டையும் சேர்த்தால் கடன் 160, விகிதம் 1.33.

கடன் பற்றிய குறிப்பை முழுதாகப் படியுங்கள். யாரிடம் வாங்கியது, என்ன வட்டி, எப்போது முடியும், என்ன அடமானம் என்பதெல்லாம் அங்கே இருக்கும். அரசு வங்கியிடம் வாங்கிய கடனும், புரமோட்டர் தன் வேறொரு கம்பெனி வழியாகக் கடனாகக் கொடுத்த இன்டர்-கார்ப்பரேட் டெபாசிட்டும் ஒரே எண்ணாகக் கூட்டப்பட்டாலும் இரண்டும் ஒன்றல்ல. வங்கி தவணை தவறினால் வாராக்கடனாக்கும். புரமோட்டர் பொறுத்துக்கொள்ளலாம், அல்லது ஒருநாள் அதைப் பங்காக மாற்றி உங்கள் பங்கைச் சுருக்கலாம்.

மீட்கத்தக்க முன்னுரிமைப் பங்குகள் என்று ஒன்று உண்டு. பெயரில் பங்கு இருந்தாலும் குறித்த நாளில் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டிய பணம் அது. இந்த் ஏஎஸ் 32-ன்படி அது பெரும்பாலும் கடனாகவே காட்டப்படும். பழைய தரத்தில் உள்ள கம்பெனிகளில் அது பங்கு மூலதனத்தின் கீழேயே உட்கார்ந்திருக்கும். அங்கே பார்த்தால் நீங்களே எடுத்துக் கடன் பக்கம் போடுங்கள்.

படி 3: குத்தகைக் கடமையைச் சேருங்கள்

டெலிகாம் கம்பெனிக்குக் கோபுரம், மொட்டை மாடி, சர்வர் அறை, மற்றவருடைய ஃபைபர் என்று பல இடங்களில் வாடகை உண்டு. 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்த் ஏஎஸ் 116, இந்த வாடகை ஒப்பந்தங்களின் எதிர்காலத் தொகையை இன்றைய மதிப்பில் கணக்கிட்டு 'லீஸ் லயபிலிட்டி' என்று பேலன்ஸ் ஷீட்டில் கொண்டுவந்தது. ஆனால் கம்பெனிகள் தாங்களே வெளியிடும் விகிதத்தில் சில இதைச் சேர்க்கும், சில சேர்க்காது. விகிதத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் சூத்திரம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்க்க வேண்டுமா? டெலிகாமில் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பேன். அலுவலக வாடகையைக் கட்டாவிட்டால் வேறு கட்டடம் போகலாம். கோபுர வாடகையைக் கட்டாவிட்டால் சிக்னல் போகும், சந்தாதாரர் போவார், வருமானம் போகும். நம் கம்பெனியின் குத்தகைக் கடமை 45. கடன் 205 ஆகிறது; விகிதம் 1.71.

படி 4: கடன் என்ற பெயரில்லாத கடன்களைத் தேடுங்கள்

இந்தப் படியில்தான் நேரம் செலவாகும், செலவழிக்கவும் வேண்டும்.

முதலாவது, கருவி விற்பவருக்குத் தர வேண்டிய பணம். ஓஎல்டி (ஃபைபர் இணைப்புகளை ஒருங்கிணைக்கும் கருவி), ரவுட்டர், ஃபைபர் கேபிள் எல்லாம் பெரும்பாலும் தவணை முறையில் வாங்கப்படுகின்றன. இது 'இதர நிதிக் கடமைகள்' என்ற தலைப்பின் கீழ், மூலதனச் செலவுக்கான கடனீந்தோர் என்று வரும். முப்பது அறுபது நாளில் தீர்ந்தால் அது சாதாரண வணிகப் பாக்கி. ஓராண்டைத் தாண்டி, வட்டியும் ஓடினால் அது கடன்தான். நம் கம்பெனியில் அப்படி 35. கடமை மொத்தம் 240. விகிதம் சரியாக 2.

இரண்டாவது, ஸ்பெக்ட்ரம் பாக்கி. மொபைல் சேவை தரும் கம்பெனிகளுக்கு மட்டும் பொருந்தும். ஏலத்தில் எடுத்த அலைக்கற்றைக்கு ஆண்டுத் தவணையாக அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை இது. வங்கிக் கடனைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கக்கூடும்.

மூன்றாவது, உரிமக் கட்டண வழக்கு. இதைப் புரிந்துகொள்ள ஏஜிஆர் தீர்ப்பை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனங்கள் தங்கள் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் (ஏஜிஆர்) 8 சதவீதத்தை அரசுக்கு உரிமக் கட்டணமாகக் கட்ட வேண்டும். எதெல்லாம் அந்த வருவாயில் சேரும் என்பதில் பல ஆண்டுகளாக வழக்கு நடந்தது. 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அரசின் விளக்கத்தை ஏற்றது. கம்பெனிகள் அதுவரை இந்தத் தொகையின் பெரும்பகுதியை ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில், 'கன்டின்ஜென்ட் லயபிலிட்டி' என்ற தலைப்பின் கீழ் வைத்திருந்தன. அதாவது வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்ற கணக்கு. தீர்ப்பு வந்ததும் அது ஒரே காலாண்டில் பேலன்ஸ் ஷீட்டுக்குள் வந்தது. அசலைவிட வட்டியும் அபராதமும் அபராதத்தின் மேல் வட்டியும் பெரிதாக இருந்தன. வோடஃபோன் ஐடியா அந்த ஒரு காலாண்டில் காட்டிய நஷ்டம் ஏறக்குறைய 50,900 கோடி ரூபாய். புதிதாக ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காமலே கடமை ஏறியது, ஈக்விட்டி சரிந்தது. அடுத்த நிதியாண்டின் முடிவில் அதன் நெட்வொர்த் மைனஸுக்குப் போய்விட்டது.

பெரிய கம்பெனிக்கு நடந்ததுதானே என்று விட்டுவிட வேண்டாம். இணைய சேவை உரிமம் வைத்திருக்கும் சிறிய கம்பெனிக்கும் உரிமக் கட்டணம் உண்டு, தொலைத்தொடர்புத் துறையின் டிமாண்ட் நோட்டீஸும் வரலாம். 2021 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை கொண்டுவந்த சீர்திருத்தம் தொலைத்தொடர்பு அல்லாத வருவாயை இந்தக் கணக்கிலிருந்து நீக்கியது. ஆனால் அது வருங்காலத்துக்கு மட்டும். பழைய ஆண்டுகளின் பாக்கி அப்படியே நிற்கிறது. ஆகவே கன்டின்ஜென்ட் லயபிலிட்டி குறிப்பைத் திறந்து, அதில் உள்ள தொகையை ஈக்விட்டியோடு ஒப்பிடுங்கள். நம் கம்பெனியில் அப்படி 30 கோடி இருக்கிறது. இப்போதைக்கு ஓரமாக எழுதி வையுங்கள். ஆறாம் படியில் திரும்ப எடுப்போம்.

கையிருப்புப் பணத்தைக் கடனிலிருந்து கழித்து நிகரக் கடன் பார்ப்பது வழக்கம். கழிக்கலாம். ஆனால் வங்கி உத்தரவாதத்துக்காக ஈடு வைத்த டெபாசிட்டைக் கழிக்கக் கூடாது. 22 கோடி இருப்பு என்று போட்டிருந்து அதில் 14 கோடி ஈட்டில் கிடந்தால், உங்கள் கணக்குக்கு 8 கோடிதான்.

படி 5: ஈக்விட்டியைச் சலித்தெடுங்கள்

வங்கியில் கடன் பிரிவில் வேலை செய்பவரிடம் பேசினால் கடன்–ஈக்விட்டி என்பதைவிட டிஓஎல்/டிஎன்டபிள்யூ என்ற சொல்லைத்தான் அதிகம் கேட்பீர்கள். மொத்த வெளிக்கடமைகளை, தொட்டுணரக்கூடிய நெட்வொர்த்தால் வகுப்பது அது. அந்த இரண்டாம் பாதியை நாமும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பேலன்ஸ் ஷீட்டின் சொத்துப் பக்கம் போங்கள். குட்வில் என்று ஏதாவது இருக்கிறதா? சிறிய பிராட்பேண்ட் கம்பெனிகள் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்களின் இணைப்புகளை விலைக்கு வாங்கி வளர்கின்றன. கொடுத்த விலையில் சொத்துக்கு மேல் போன பகுதி குட்வில்லாக நிற்கும். அந்த வாடிக்கையாளர்கள் ஏர்டெல்லுக்கோ ஜியோவுக்கோ மாறிவிட்டால் அந்தச் சொத்தும் காற்றோடு போகும். நம் கம்பெனியில் அது 15.

அடுத்தது டெஃபர்டு டாக்ஸ் அசெட். வருங்காலத்தில் லாபம் வந்தால் பழைய நஷ்டத்தைக் காட்டி வரி மிச்சப்படுத்தலாம் என்ற நம்பிக்கையைச் சொத்தாக எழுதி வைப்பது. லாபமே வராத கம்பெனிக்கு இந்தச் சொத்தால் என்ன பயன்? தொடர்ந்து நஷ்டம் காட்டும் கம்பெனியில் இது பெரிதாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். இங்கே 18.

இரண்டையும் கழித்தால் ஈக்விட்டி 120-லிருந்து 87 ஆகிறது. 240-ஐ 87-ஆல் வகுத்தால் 2.76.

இதர ஈக்விட்டியின் உள்ளேயும் ஒருமுறை பாருங்கள். செக்யூரிட்டீஸ் பிரீமியம் (முகமதிப்புக்கு மேல் பங்குதாரர்கள் கொடுத்த பணம்) பெரிதாகவும் ரிட்டெய்ன்டு எர்னிங்ஸ் (இதுவரை சேர்ந்த லாபம்) மைனஸிலும் இருந்தால், அந்தக் கம்பெனி தொழிலில் சம்பாதித்து ஈக்விட்டியைச் சேர்க்கவில்லை என்று பொருள். பங்குதாரர்கள் போட்ட பணத்தைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது.

படி 6: எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்

நீண்டகாலக் கடன் மட்டும்: 0.92
எல்லாக் கடனும்: 1.33
குத்தகையோடு: 1.71
கருவிப் பாக்கியோடு: 2.00
சலித்த ஈக்விட்டியோடு: 2.76
உரிமக் கட்டண வழக்கில் தோற்றால்: கடமை 270, ஈக்விட்டி 57, விகிதம் 4.74

ஒரே கம்பெனி, ஒரே நாள், ஒரே பேலன்ஸ் ஷீட். எந்த எண்ணும் பொய்யில்லை. ஸ்க்ரீனர் இதில் ஒன்றைத்தான் காட்டும். எதைக் காட்டுகிறது என்று தெரியாமல் இரண்டு கம்பெனிகளை ஒப்பிடாதீர்கள்.

படி 7: காலத்தை ஓட்டிப் பாருங்கள்

நம் கம்பெனியின் ஓராண்டு வருவாய் 210. செலவு போக எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிக்கும் முன் மிஞ்சுவது, 52. தேய்மானம் 38. வட்டி, குத்தகை வட்டியும் சேர்த்து, 24. ஆக ஆண்டுக்கு 10 கோடி நஷ்டம். 210 கோடி விற்கும் கம்பெனிக்கு அது பெரிதாகத் தெரியாது. நிர்வாகமும் "எபிட்டா மார்ஜின் 25 சதவீதம்" என்றுதான் முதலீட்டாளர் கூட்டத்தில் பேசும்.

இப்போது ஐந்தாண்டு ஓட்டுங்கள். கட்டும் தவணைக்குச் சமமாகப் புதுக் கடன் வாங்கி, கடன் 160-லேயே நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஈக்விட்டி 120-லிருந்து 70-க்கு இறங்கும். எல்லாக் கடனும் சேர்ந்த விகிதம் 1.33-லிருந்து 2.29 ஆகும். சலித்த கணக்கில் பார்த்தால் ஈக்விட்டி 37, கடமை 240, விகிதம் ஏறக்குறைய 6.5. கம்பெனி கூடுதலாகக் கடன் வாங்கவே இல்லை!

மூன்று ஆண்டறிக்கைகளை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். விகிதம் ஏறியிருந்தால் மேல் எண் ஏறியதா, கீழ் எண் இறங்கியதா என்று பிரித்துப் பாருங்கள். கடன் ஏறி, இணைப்புகளும் வருவாயும் சேர்ந்து ஏறினால் அது வளர்ச்சிக்கான கடனாக இருக்கலாம், பயப்பட அவசியமில்லை. கடன் அப்படியே நின்று ஈக்விட்டி இறங்கினால் அங்கிருந்து மீண்டுவருவது கடினம்.

விகிதம் திடீரென்று இறங்கினாலும் அதே கேள்வியைக் கேளுங்கள். கடனில் 60 கோடியைப் பங்காக மாற்றினால் கடன் 100, ஈக்விட்டி 180, விகிதம் 0.56. அழகான எண். ஆனால் 10 ரூபாய் முகமதிப்பில் 4 கோடிப் பங்குகள் இருந்த கம்பெனியில் அதே விலைக்கு 6 கோடிப் புதிய பங்குகள் வந்துவிட்டன. உங்களிடம் இருந்த 1 சதவீதம் இப்போது 0.4 சதவீதம். வோடஃபோன் ஐடியாவில் அரசின் பங்கு 2023-ல் சுமார் 33 சதவீதமாகவும், 2025-ல் 36,950 கோடி ரூபாய் பாக்கியைப் பங்காக மாற்றிய பின் ஏறக்குறைய 49 சதவீதமாகவும் ஆனது இந்த வழியில்தான்.

மைனஸ் விகிதம் வந்தால்

ஈக்விட்டி மைனஸ் என்றால் அங்கே விகிதம் என்ற ஒன்றே கிடையாது. எண்ணைப் பார்த்து மைனஸ் 1 நல்லதா, மைனஸ் 3 நல்லதா என்று யோசிக்காதீர்கள். ஈக்விட்டி இன்னும் அதிகமாக அழிய அழிய அந்த எண் சுழியத்தை நெருங்கும், பார்வைக்கு நன்றாகத் தெரியும். அப்போது கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள். இந்தக் கம்பெனியைத் தாங்கிப் பிடித்திருப்பது யார்? எதுவரை பிடித்திருப்பார்?

டாட்டா டெலிசர்வீசஸ் மகாராஷ்டிரா, அதாவது டிடிஎம்எல், இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மொபைல் தொழில் 2019-ல் ஏர்டெல்லுக்குப் போய்விட்டது. இப்போது வணிக நிறுவனங்களுக்கான இணைப்புச் சேவை தருகிறது. பல ஆண்டுகளாக நெட்வொர்த் மைனஸ். கடன் கட்ட முடியாமல் அது விழாமல் இருப்பதற்குக் காரணம் புரமோட்டர் கொடுத்திருக்கும் ஆதரவுக் கடிதம்; ஆண்டறிக்கையின் குறிப்பிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. 2021 தொடக்கத்தில் பத்து ரூபாய்க்கும் கீழே இருந்த அந்தப் பங்கு 2022 ஜனவரியில் 290 ரூபாயைத் தொட்டது. நெட்வொர்த் அப்போதும் மைனஸ்தான். அந்த மாதமே ஏஜிஆர் பாக்கியின் வட்டியை அரசுக்குப் பங்காகக் கொடுக்க நிர்வாகம் முடிவெடுத்தது. சில வாரங்களில் அதைக் கைவிட்டது. உச்சத்தில் வாங்கியவர்கள் பேலன்ஸ் ஷீட்டின் ஒரே ஒரு வரியைப் பார்த்திருந்தாலும், மொத்த ஈக்விட்டி என்ற அந்த வரி, தாங்கள் எதை வாங்குகிறோம் என்பதைச் சொல்லியிருக்கும். புரமோட்டரின் ஆதரவு கடன் கொடுத்தவருக்குத் தெம்பு. சிறு பங்குதாரருக்கும் அதே தெம்பு கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஜிடிஎல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் வேறு மாதிரி. அது கோபுரக் கம்பெனி. 2010-ல் ஏர்செல்லின் ஏறக்குறைய 17,500 கோபுரங்களைச் சுமார் 8,400 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. தமிழ்நாட்டில் தொடங்கி வளர்ந்த ஏர்செல்லே முக்கிய வாடகைதாரர். ஒரு கோபுரத்தில் எத்தனை ஆபரேட்டர்கள் ஆன்டெனா மாட்டுகிறார்களோ அந்த அளவுக்கு லாபம். கடனும் அந்தக் கணக்கை நம்பித்தான் வாங்கப்படுகிறது. 2011-லேயே கடன் மறுசீரமைப்புக்குப் போக வேண்டியிருந்தது. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 டூஜி உரிமங்களை ரத்து செய்தது. கோபுரம் தேடி வரவேண்டிய புது வாடகைதாரர்கள் குறைந்தார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் (ஆர்காம்) 2017 இறுதியில் மொபைல் சேவையை நிறுத்தியது. ஏர்செல் 2018 தொடக்கத்தில் திவாலுக்கு விண்ணப்பித்தது. கோபுரங்கள் நின்றன, கடன் நின்றது, வாடகை நின்றுபோனது. ஈக்விட்டி முழுவதும் கரைந்தது. நீண்டகால ஒப்பந்தம் இருப்பதால் கோபுரக் கம்பெனி அதிகக் கடனைத் தாங்கும் என்று சொல்வார்கள். ஒப்பந்தம் போட்டவர் இருக்கும்வரைதான் அது உண்மை.

படி 8: கட்ட முடியுமா என்று பாருங்கள்

விகிதம் கடனின் அளவைச் சொல்லும், கட்டும் திறனைச் சொல்லாது. அதற்கு டிஎஸ்சிஆர், அதாவது எபிட்டாவை அந்த ஆண்டு கட்ட வேண்டிய வட்டியும் தவணையும் சேர்ந்த தொகையால் வகுப்பது. நம் கம்பெனி இந்த ஆண்டு கட்ட வேண்டியது: வட்டி 24, குத்தகை அசல் 13, கடன் தவணை 25. மொத்தம் 62. எபிட்டா 52. வகுத்தால் 0.84. ஒன்றுக்குக் கீழே. இன்னும் ஒரு மீட்டர் புது ஃபைபர்கூடப் போடவில்லை, பழைய ரவுட்டரை மாற்றவில்லை. மிச்சம் 10 கோடிக்கு எங்கே போகும்? புதுக் கடன், ரைட்ஸ் இஷ்யூ (இருக்கும் பங்குதாரர்களிடமே புதிய பங்குகளை விற்பது), கருவி விற்பவருக்குத் தாமதம், இந்த மூன்றில் ஒன்று.

எவ்வளவு விகிதம் சரி என்று ஒரே எண்ணைக் கேட்டால், பிராட்பேண்ட் கம்பெனிக்குச் சலித்த கணக்கில் 1 வரை எனக்கு நிம்மதி. 1 முதல் 2 வரை என்றால் டிஎஸ்சிஆர் 1.3-க்கு மேல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பேன். 2-க்கு மேல் போனால் நிர்வாகம் தெளிவான காரணம் சொல்ல வேண்டும். இது என் கோடு. உங்கள் துணிச்சலுக்கு ஏற்ப நீங்கள் நகர்த்திக்கொள்ளலாம். ரெயில்டெல் போல வங்கிக் கடன் இல்லாமலே இந்தத் துறையில் தொழில் நடத்துகிறவர்களும் உண்டு. ஆனால் அதற்கு ரயில் பாதை ஓரமாக ஃபைபர் போடும் உரிமை இருக்கிறது. தெருத்தெருவாகத் தோண்டும் சிறு கம்பெனியை அதோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

படி 9: தணிக்கையாளர் எழுதியதைப் படியுங்கள்

தணிக்கை அறிக்கையின் இணைப்பில் காரோ 2020 என்ற பகுதி இருக்கும்; அரசு உத்தரவுப்படி தணிக்கையாளர் குறித்த கேள்விகளுக்குப் பதில் எழுதும் பகுதி அது. நான்கைந்து பக்கம்தான். கடன் தவணை தவறியதா என்று ஒன்பதாம் பிரிவு சொல்லும். குறுகியகாலக் கடனை எடுத்து நீண்டகாலச் செலவுக்குப் போட்டார்களா என்பதும் அதே பிரிவில் வரும். ஓவர்டிராஃப்டை எடுத்து ஃபைபர் பதித்தவர்கள் இங்கே மாட்டுவார்கள். வழக்கில் உள்ள அரசுப் பாக்கிகள் ஏழாம் பிரிவில், ஓராண்டுக்குள் வரும் கடமைகளைக் கம்பெனியால் கட்ட முடியுமா என்பது பத்தொன்பதாம் பிரிவில். அறிக்கையில் 'கோயிங் கன்சர்ன்' (கம்பெனி தொடர்ந்து இயங்குமா என்பது) என்ற சொல் எங்கே வந்தாலும் அந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள்.

கிரிசில், இக்ரா, கேர் போன்ற மதிப்பீட்டு நிறுவனங்களின் தளத்தில் கம்பெனியின் பெயரைத் தேடினால் தர மதிப்பீட்டுக் குறிப்பு இலவசமாகக் கிடைக்கும். கடன் பற்றி இவ்வளவு நேரடியாக வேறெங்கும் எழுத மாட்டார்கள். 'இஷ்யூவர் நாட் கோ-ஆப்பரேட்டிங்' என்று போட்டிருந்தால், கம்பெனி அவர்களுக்குத் தகவல் தரவில்லை என்று அர்த்தம். தரம் எதுவாக இருந்தாலும் அது எச்சரிக்கைதான். புரமோட்டரின் பங்குகள் எவ்வளவு அடமானத்தில் இருக்கின்றன என்பதைக் காலாண்டுப் பங்குதாரர் விவரத்தில் பார்க்கலாம்.

அப்புறம், ஆண்டுப் பொதுக்கூட்டம். இப்போதெல்லாம் பல கம்பெனிகள் அதை வீடியோ வழியாக நடத்துகின்றன. ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் பேச்சாளராகப் பதிவு செய்துகொள்ளலாம். எந்த மின்னஞ்சலுக்கு, எந்தத் தேதிக்குள் என்பது கூட்ட அறிவிப்பில் இருக்கும். மூன்று கேள்விகளை எழுதி அனுப்புங்கள். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் கட்ட வேண்டிய தவணைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? உரிமக் கட்டண வழக்கில் தோற்றால் எவ்வளவு கட்ட வேண்டும், அதில் எவ்வளவு ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்? புரமோட்டர் கொடுத்த கடனைப் பங்காக மாற்றும் திட்டம் இருக்கிறதா, இருந்தால் என்ன விலைக்கு? சொல்லும் பதிலை அந்த ஆறு விகிதங்கள் எழுதிய தாளிலேயே தேதி போட்டுக் குறித்து வையுங்கள். முதன்மைச் சந்தைக் கம்பெனி என்றால் செப்டம்பர், மார்ச் முடிவுகளோடு பேலன்ஸ் ஷீட்டும் வரும். அப்போது தாளை எடுத்து, முதலில் ஈக்விட்டி வரியை மட்டும் திருத்துங்கள்.